வேகத்தின் விலை

விரைந்து செல்வதே நாகரிகத்தின் அடையாளம் என்று மக்கள் கருதும் காலம் இது. அவ்வாறிருக்க, மோட்டார் வண்டிகள் மிகுந்து, அவற்றால் பெருமை கொண்டிருந்த ஒரு தேசம், தன் மக்கள் அனைவரும் மெதுவாகவே ஓட்டவேண்டும் என்று இருமுறை கட்டளையிட்டது என்றால் நம்மவரில் பலர் வியப்படைவர். அத்தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். முதற் கட்டளை 1942-ஆம் ஆண்டில் பிறந்தது; இரண்டாவது 1974-ஆம் ஆண்டில். இரண்டனுள் முன்னதற்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நேரான தொடர்பு உண்டு. ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

ரப்பர் அற்ற தேசம்

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கிற்று. பத்து வாரத்துக்குள், 1942 பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர் சாவாவும் ஜப்பானியர் வசமாயிற்று. அதுகாறும் அமெரிக்கா வாங்கி வந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்தே சென்று கொண்டிருந்தது. அவ்வழி அடைபட்டதும் அமெரிக்கா திகைத்தது. போர் விமானம், டாங்கி, லாரி, கப்பல் ஆகிய யாவற்றுக்கும் ரப்பர் வேண்டும். இரும்பும் நிலக்கரியும் பெட்ரோலும் தன் மண்ணிலேயே கொண்டிருந்த வல்லரசிடம், மரத்தைக் கீறி மங்கில் வடிக்கும் பால் மட்டும் இல்லை!

1942 ஜனவரியிலேயே டயர்களுக்குப் பங்கீடு ஏற்பட்டது. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான புதிய கார்களின் உற்பத்தி நின்றது. ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வீட்டில் கிடக்கும் பழைய ரப்பரையெல்லாம் பெட்ரோல் நிலையங்களில் ஒப்படைக்குமாறு மக்களை வேண்டினார். ராத்தலுக்கு ஒரு சென்ட் விலை. தேய்ந்த டயர், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய், மழைச் சட்டை, காலணி என நாலு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்தது. எனினும் பழைய ரப்பரைக் கொண்டு புது டயருக்கு நிகரான டயர் செய்தல் இயலாது. ஆகவே, ஓடிக் கொண்டிருக்கும் டயர்களைக் காப்பதே எஞ்சிய வழியாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பரில், பெர்னார்டு பாரூக் என்பவர் தலைமையில், கோனன்ட், காம்ப்டன் என்னும் இரு பல்கலைக் கழகத் தலைவர்களும் சேர்ந்த குழு தன் அறிக்கையை அளித்தது. மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டருக்கு மேல் யாரும் ஓட்டலாகாது. ஒரு கார் ஆண்டுக்குச் சராசரி 5,000 மைலே ஓடவேண்டும். தேசம் முழுவதும் பெட்ரோலுக்குப் பங்கீடு வேண்டும் என்பன அதன் யோசனைகள்.

இங்கேதான் மக்களுக்குக் குழப்பம் உண்டாயிற்று. கிழக்குக் கரை மாநிலங்களில் 1942 மே மாதத்திலேயே பெட்ரோல் பங்கீடு தொடங்கியிருந்தது. எண்ணெய்க் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்தமையால் அங்கே தட்டுப்பாடு மெய்யாகவே இருந்தது. ஆனால் எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த டெக்சாஸ் போன்ற இடங்களில் வாழ்ந்தோர், “எங்கள் காலடியில் எண்ணெய் ஊறுகிறதே, எங்களுக்கு ஏன் பங்கீடு?” என்று கேட்டனர். அதற்கு விடை எளிது. பெட்ரோல் இருந்தால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் டயர் தேயும். பெட்ரோலை நிறுத்தியது பெட்ரோலுக்காக அன்று, ரப்பருக்காகவே! 1942 டிசம்பர் 1 முதல் தேசமெங்கும் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முக்கிய வேலை எதுவும் இல்லாதவர் காரின் கண்ணாடியில் ‘ஏ’ என்ற எழுத்து ஒட்டப்பட்டது. அவருக்கு வாரம் ஒன்றுக்குச் சுமார் நாலு கேலன். பின்னர் அதுவும் குறைந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. கிழக்குக் கரையில் முதற் பங்கீடு தொடங்கியபோது, அளவின்றிப் பெட்ரோல் பெறும் ‘எக்ஸ்’ அட்டையைச் சட்டம் இயற்றும் காங்கிரஸ் உறுப்பினர் பலரே வாங்கிக் கொண்டனர். செய்தி வெளியானதும் பொதுமக்கள் கொதித்தனர். ஊருக்கு உபதேசம் செய்வோர் தமக்கு மட்டும் விலக்குத் தேடும் வழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதன்று போலும்.

மெதுவாய்ச் செல்வதால் மிச்சமாவது எது?

டயர் வேகமாகச் சுழலச் சுழல அதன் சூடு ஏறும். சூடேறிய ரப்பர் இளகி விரைவில் தேயும். வேகத்தைக் குறைத்தால் டயரின் ஆயுள் நீளும். பெட்ரோலின் கணக்கு வேறு. ஓடும் வண்டியைக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் அவ்வெதிர்ப்பு இரட்டிப்பதோடு நில்லாது நான்கு மடங்காகும். 70 மைல் வேகத்தினின்று 55 மைலுக்கு இறங்கினால், ஒவ்வொரு மைலிலும் காற்றை வெல்லச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்து போகும். ஆனால் எரியும் பெட்ரோல் முழுவதும் காற்றுக்கே போவதில்லை. யந்திரத்தின் சூட்டிலும் உராய்விலும் பெரும்பகுதி கழியும். ஆகையால் மொத்த மிச்சம் இக்கணக்கினும் சிறிதாகவே இருக்கும். பட்டணத்து நெரிசலில் நின்று நின்று ஊரும் வண்டிக்கு இதனால் பயன் இல்லை. நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிக்கே பயன்.

அக்கரையில் நடந்தது

அமெரிக்கன் 35 மைலில் ஊர்ந்து கொண்டிருந்த அதே நாட்களில், அவன் தேடிய ரப்பரை வெட்டியவர்கள் எந்நிலையில் இருந்தனர்? ஜப்பானியர் தாம் பிடித்த நாடுகளின் ரப்பர் முழுவதையும் பயன்படுத்த வல்லவராய் இல்லை. பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. பெரட்டுக்குப் போனவனுக்குக் கூலி இல்லை, அரிசியும் இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் மலைக்காய்ச்சலாலும் அங்கேயே மடிந்தவர் எத்தனையோ பேர். உலகத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. அதை எடுத்துக் கொடுக்கும் கைகளோ காட்டில் தண்டவாளம் சுமந்து அழிந்தன. இதனினும் கொடிய முரண் வேறு உண்டோ?

மெதுவாய் ஓட்டியதனால் அமெரிக்கா ஈட்டிய பெரும் பொருள் காலமே. அக்கால அவகாசத்தில் அத்தேசம் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிக் கொண்டது. 1941-இல் சில ஆயிரம் டன்னாக இருந்த செயற்கை ரப்பர், 1944-இல் ஏழு லட்சம் டன்னுக்கு மேல் பெருகிற்று. 1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்ததும் பெட்ரோல் பங்கீடும் 35 மைல் கட்டளையும் நீங்கின, ஆலைகள் நீங்கவில்லை. திரும்பிய தோட்டத் தொழிலாளி வெட்டிய பாலுக்குச் செயற்கை ரப்பர் நிரந்தரப் போட்டியாயிற்று. அன்னிய நாட்டு நெடுஞ்சாலையில் வகுத்த வேகம் நம்மவர் வீட்டு அடுப்பையும் தொட்டதென்று சொல்வது மிகையாகாது.

ஐம்பத்தைந்து மைல்

முப்பது ஆண்டு கழிந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு உதவிய அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதில்லையென அரபு நாடுகள் தீர்மானித்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. 1974 ஜனவரி 2-இல் ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட்ட சட்டம், எந்த நெடுஞ்சாலையிலும் 55 மைலுக்கு மேல், அதாவது 88 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டலாகாது என வகுத்தது. அதனை ஏற்காத மாநிலத்துக்குச் சாலை அமைக்கும் மத்திய நிதி கிட்டாது.

இம்முறை பெட்ரோலே குறிக்கோள். ஆனால் கிடைத்த பெட்ரோல் சொற்பம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு என்பதே பின்னாளைய மதிப்பீடுகள். எவரும் எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. 1973-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் சுமார் 54,000 பேர். 1974-இல் சுமார் 45,000 பேர். மக்கள் பயணத்தைக் குறைத்ததும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் வேகம் தணிந்ததன் பங்கை ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சிக் குழு, அதனால் ஆண்டுதோறும் 2,000 முதல் 4,000 உயிர்கள் தப்புவதாக 1984-இல் கணக்கிட்டது. எண்ணெயைக் காக்கப் பிறந்த சட்டம் மனிதரைக் காத்தது!

எனினும் அச்சட்டம் நிலைக்கவில்லை. பொழுதைக் கூலியாய் எண்ணும் லாரிக்காரர்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தனர். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபின் பொதுமக்களுக்கும் அதன் காரணம் மறந்து போயிற்று. 1987-இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைலுக்கு அனுமதி கிடைத்தது. 1995-இல் சட்டமே நீக்கப்பட்டது. உயிர்களைக் காத்த கணக்கு கையில் இருந்தும், பெட்ரோல் மலிந்ததும் அதை ஒதுக்கினர்.

நாம் அறிய வேண்டுவது

இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது யாது? வேகத்தின் விலையை வண்டியோட்டி மட்டும் செலுத்துவதில்லை. அவன் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அதில் பெரும் பங்கைச் செலுத்துகிறார். ஒரு காலத்தில் அவர் விடியுமுன் எழுந்து மரத்தடிக்குச் சென்ற பால்வெட்டுக்காரர். இன்னொரு காலத்தில் சாலையோரம் நடந்து சென்ற பாதசாரி. விலை கொடுப்பவரைக் காணாதவரையில் வேகம் இலவசம் போலவே தோன்றும்.

நம் இளைஞர் மோட்டார் சைக்கிளில் பறப்பதை வீரம் என எண்ணுகின்றனர். வேகமானி முள் ஏறுவதால் ஒருவன் மதிப்பு ஏறுவதில்லை. பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்படுபவன் பெட்ரோலையும் டயரையும் மிச்சப்படுத்துகிறான். பிறர் பிள்ளைகளின் உயிரையும் காக்கிறான். போரும் பஞ்சமும் வந்து கட்டளையிட்ட பிறகே அறிவு பெறவேண்டும் என்ற நியதி இல்லை. கட்டளை வருமுன்னே பகுத்தறிவால் அதனைக் கைக்கொள்வோமாக.