பயோவோ, மற்ஸோ? – உயர்தரப் பாடத்தெரிவின் கதை

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், “பிறகென்ன, பயோவோ, மற்ஸோ?” என்று கேட்காத உறவினர் எமது ஊரில் இல்லை. கலைப்பிரிவு என்று பதில் வந்தால் ஒரு சிறு மௌனம். வர்த்தகம் என்றால், “அதுவும் நல்லதுதான்” என்று ஓர் ஆறுதல். தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்ததுபோலத் தோன்றினாலும், இந்தக் கேள்வியின் வயது நூறு அல்ல.

எமது சங்கம் தொடங்கிய 1920களில் இப்படிக் கேட்க இடமிருக்கவில்லை. பெண்கல்வி யாழ்ப்பாணத்துக்கு அப்போது புதியதல்ல. 1824 இலேயே உடுவிலில் மகளிர் விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது. மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913 இல் எழுந்தது. ஆனால் படித்த பெண்ணுக்கு ஊர் ஒப்புக்கொண்ட தொழில்கள் மிகச் சில: ஆசிரியை, தாதி, மருத்துவிச்சி. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 முதல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது உண்மை. அங்கே போவதற்கு வேண்டிய இரசாயனமும் பௌதிகமும் படிக்க எங்கே போவது? பெண்கள் பாடசாலைகளில் பெரும்பாலும் தையல், சங்கீதம், சுகாதாரம், மனையியல் ஆகியனவே இருந்தன. விஞ்ஞானம் என்று வந்தால் தாவரவியல். அதற்கு ஒரு செவ்வரத்தம்பூவும் ஒரு கைவில்லையும் போதும். வாயு அடுப்பும் அமிலப் போத்தலும் வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கு ‘இயல்பாகவே’ பூவும் செடியும் பிடிக்கும் என்று பிற்காலத்தில் சிலர் விளக்கம் சொன்னபோது நாம் சிரித்ததுண்டு. ஆய்வுகூடம் கட்டப் பணமில்லாததற்கு அது நல்ல விளக்கம்தான்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானதும், 1945 இல் இலவசக் கல்வி வந்ததும் நிலைமையை மாற்றத் தொடங்கின. எச்.எஸ்.சி. வகுப்பு என்ற பேச்சு வீடுகளுக்குள் வந்தது. எனினும் எச்.எஸ்.சி. விஞ்ஞான வகுப்பு நடத்தும் வசதி எல்லா மகளிர் கல்லூரிகளுக்கும் இருக்கவில்லை. அதற்காக ஆண்கள் கல்லூரிகளுக்குச் சென்று பின்வாங்கில் அமர்ந்து படித்த மாணவியரும் இருந்தனர். அனுப்பத் துணிந்த பெற்றோரின் பிள்ளை வைத்தியரானாள். துணியாதவர்களின் பிள்ளை, அதே கெட்டித்தனத்தோடு, தமிழும் சரித்திரமும் பூமிசாஸ்திரமும் எடுத்தாள். பேராதனைக்குப் போய்ப் பட்டதாரி ஆசிரியையாகத் திரும்பி வந்து எம்மைப் படிப்பித்தாள். எமக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியைகளில் பலர் அப்படி வந்தவர்கள். ஆய்வுகூடம் இல்லாத குறையால் எமக்குக் கிடைத்த கொடை அது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

1960களில் எச்.எஸ்.சி. போய், க.பொ.த. உயர்தரம் வந்தது. நான்கு பாடங்கள், நானூறு புள்ளிகள். உயிரியலுக்குப் போனவர்கள் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் படித்தனர். கணிதத்துக்குப் போனவர்கள் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரண்டு கணிதங்களோடு மல்லாடினர். விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். பெண்கள் கல்லூரிகளில் ஆய்வுகூடங்கள் எழுந்தன. “பயோவோ, மற்ஸோ?” என்ற கேள்வி பிறந்தது அப்போதுதான்.

கேள்வி பிறந்து சில வருடங்களிலேயே அதன் அடித்தளம் ஆடியது. தரப்படுத்தல் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஒரு மாணவியின் பாடத்தெரிவை அது என்ன செய்தது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறோம். 1970/71 அனுமதியில் பேராதனை மருத்துவபீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர்களுக்கு 250 புள்ளிகளும், சிங்கள மொழிமூல மாணவர்களுக்கு 229 புள்ளிகளும் வெட்டுப்புள்ளிகளாக இருந்தன. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதுவரை “நன்றாகப் படித்தால் போகலாம்” என்று இருந்த கணக்கு, “எந்த மொழியில், எந்த மாவட்டத்தில் படித்தாய்” என்று மாறியது. வன்னிப் பாடசாலைகளுக்கு இடம்மாறிப் பரீட்சை எழுதியவர்கள் உண்டு. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதியவர்கள் அநேகர். வசதியுள்ள வீடுகள் வெளிநாட்டை நோக்கின. ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலை வந்தபோது அந்த ஒரு பிள்ளை பெரும்பாலும் மகனாகவே இருந்தான். தங்கைக்கு, “நீ ஆட்ஸ் செய், பிறகு ரீச்சராக வரலாம்” என்று சொல்லப்பட்டது. அந்தத் தங்கைகளின் புள்ளிகள் அண்ணன்மாரின் புள்ளிகளுக்குக் குறைந்தனவா என்பதை அன்றைய முன்னேற்ற அறிக்கைகளை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து எமது விடுதிக்கு வந்து படித்த தோழியர் அதை எமக்குப் பலமுறை எடுத்துச் சொன்னார்கள். மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்ததற்கு அப்படி எந்த நியாயமும் இருந்ததாக நாம் கருதவில்லை.

அதே 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் திறக்கப்பட்டது. 1978 இல் மருத்துவபீடமும் வந்தது. மகளைப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்பத் தயங்கிய தகப்பன்மாருக்கு, சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. பெண்களின் பாடத்தெரிவை இந்தத் தூரம் எவ்வளவு தீர்மானித்தது என்பதைப் புள்ளிவிபரங்களில் தேடிப் பயனில்லை. எங்கள் வகுப்புப் படங்களில் தேடலாம்.

இடையில் வந்துபோன ஒரு பரிசோதனையை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1972 சீர்திருத்தம் சாதாரண தரத்தை நீக்கி, ஒன்பதாம் தரத்தின் முடிவில் தேசிய சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்தது. கணிதமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயம் என்றது. ‘தொழில்முன் பாடம்’ என்று ஊர்த்தொழில் ஒன்றையும் படிக்கச் சொன்னது. பேராசிரியை ஆகப்போகிறவளும் வைத்தியர் ஆகப்போகிறவளும் ஒரே வாங்கில் இருந்து தொழில் பழகினார்கள். பெற்றோர் இதை ஒருபோதும் ஏற்கவில்லை, “பாய் இழைக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?” என்பதே பேச்சு. 1977 இல் ஆட்சி மாறியதும் பெரும்பாலானவை பழையபடி ஆகிவிட்டன. ஆனால் கணிதம் தனக்கு வராது என்று நம்பியிருந்த எத்தனையோ பெண்பிள்ளைகள் அந்தச் சில வருடங்களில் கட்டாயத்தின் பேரில் அதைப் படித்துத் தேறினார்கள். தொழில்முன் பாடம் போனதில் எமக்குக் கவலையில்லை. எல்லோருக்கும் கணிதமும் விஞ்ஞானமும் என்ற விதி வந்தது, அந்தச் சீர்திருத்தம் செய்த மிகப் பெரிய நன்மை.

யுத்த காலத்தில் தெரிவு என்ற சொல்லுக்கே வேறு பொருள். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இருந்த விலையில் ஜாம் போத்தல் விளக்குத்தான். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இன்னும் ஊரில் இருக்கிறார் என்று பார்த்தே பாடம் எடுத்தோம். பௌதிக ஆசிரியர் கொழும்புக்குப் போய்விட்டால் அந்த வருடம் கணிதப்பிரிவு மெலிந்துவிடும். இரசாயனப் பரிசோதனையைக் கரும்பலகையில் வரைந்து, நிறம் மாறியதாக நாமே எண்ணிக்கொண்டோம். அப்படிப் படித்து மருத்துவபீடம் போனவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள்.

2000 ஆம் ஆண்டுப் பரீட்சையோடு நான்கு பாடங்கள் மூன்றாயின. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியல். இரு கணிதங்களும் சேர்ந்து இணைந்த கணிதம். அதனையடுத்து இசட் புள்ளி வந்தது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பகிரப்படுகின்றன. 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. 2017 இல் 13 வருடக் கல்வித் திட்டத்தின் கீழ் தொழிற்பாடங்களும் உயர்தர வகுப்புக்கு வந்தன. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் அதில் தொடரலாம்.

வாசல்கள் கூடின. மூடும் வாசல்களும் கூடவே வந்தன. இணைந்த கணிதம், பௌதிகவியல் ஆகியவற்றோடு இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுக்கும் பிள்ளை கணினித்துறைக்குப் போகலாம்; பொறியியல்பீடத்துக்குப் போக முடியாது. உயிரியலோடு பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் விவசாயபீடம் உண்டு; மருத்துவபீடம் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இவையெல்லாம் அச்சிடப்பட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைநூலைப் பிள்ளைகள் கையில் எடுப்பது உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு. பாடத்தைத் தெரிவதோ அதற்கு இரண்டரை, மூன்று வருடங்களுக்கு முன்பு. இப்போது சாதாரண தரப் பெறுபேறு வருமுன்னரே ரியூசன் வகுப்பு தொடங்கிவிடுகிறது. தோழி எந்த வகுப்பில் சேர்ந்தாளோ அதுவே பிரிவு.

இன்று பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பொறியியலில் இன்னும் சிறுபான்மை. செவ்வரத்தம்பூக் காலத்தின் நிழல் அவ்வளவு நீளம்.

ரொறொன்ரோவில் இருக்கும் எம் தோழியரின் பேரப்பிள்ளைகளுக்கும் இதே தலையிடிதான், பெயர் வேறு. அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போக, பன்னிரண்டாம் தரத்தில் அதற்குரிய வகைப் பாடங்கள் ஆறு வேண்டும். அவற்றை எடுப்பதற்கு முந்திய தரங்களிலேயே முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். ஆனால் அங்கே பாடசாலையில் வழிகாட்டி ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். தவறிய பாடத்தைக் கோடை வகுப்பில் எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. இங்கே பிரிவு மாறினால் ஒரு வருடம் போய்விடும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான்.

ஆகவே வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் உள்ள முன்னாள் மாணவியரிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் உயர்தரம் எழுதிய ஆண்டு, எடுத்த பாடங்கள், அவற்றை ஏன் எடுத்தீர்கள், பிறகு என்ன படித்தீர்கள், இன்று என்ன தொழில் என்று அரைப்பக்கம் எழுதி அனுப்புங்கள். விலங்கியல் படித்து வங்கி முகாமையாளர் ஆனவரும், கலைப்பிரிவில் படித்துச் சட்டத்தரணி ஆனவரும், மூன்றாம் தடவையிலும் தவறி, பின்னர் தாதியாகிப் பெரிய வைத்தியசாலை விடுதியொன்றைப் பொறுப்பேற்று நடத்துபவரும் எழுதுங்கள். பிரிவு பிரிவாகக் கட்டி, கல்லூரி நூலகத்தில், பதினோராம் தரப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வைப்போம்.