பத்துப் பாட்டிலும் தீராத வலி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வலி வந்தது. சிறுநீரகக் கல். உட்காரவும் முடியல, படுக்கவும் முடியல. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். பெரிய கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நான். ஆனாலும் வாயில் வந்தது ‘சிவனே’தான். அக்கா பக்கத்திலேயே நின்றாள். “கொஞ்சம் பொறுத்துக்கடா தம்பி, ஊசி போட்டுடுவாங்க” என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கல் விழுந்து தேறிய பிறகு நான் தேடிப் படித்தது அப்பரை. வயிற்றுவலியோடு தொடங்குகிறது அவருடைய பாட்டு.

ஏழாம் நூற்றாண்டு. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரில் தலைமை வகித்தார். இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்தான் அந்த இடம் என்பார்கள். சாதாரணப் பள்ளி இல்லை அது. அங்கேதான் சர்வநந்தி ‘லோகவிபாகம்’ எழுதினார். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. கல்வியும் மரியாதையும் நிறைந்த அந்த இடத்தில் இருக்கும்போதுதான் அவருக்குச் சூலை நோய் வந்தது.

மற்றதைச் சொல்வது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். சமணத் துறவிகள் மந்திரித்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். வலி அடங்கவில்லை. அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். பள்ளிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார் அக்கா. பாயையும் கமண்டலத்தையும் பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்தி, இருட்டோடு திருவதிகைக்கு நடந்தார் தம்பி. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார் அக்கா. அவர் பாடினார், வலி தீர்ந்தது.

அந்த நோயைக் கொடுத்ததே சிவன்தான், தம்பியை மீட்கச் சொல்லி அக்கா வேண்டியதால்தான் என்கிறார் சேக்கிழார். இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. ஆளைக் கூப்பிட இப்படியா குடலைப் பிடித்து முறுக்குவது?

அப்புறம் அந்த முதல் பதிகத்தையே நிதானமாகப் படித்தேன். அதில் இந்தக் காரணம் எதுவும் இல்லை. தான் செய்த கொடுமை என்னவென்றே தெரியவில்லை என்கிறார். தாங்க முடியவில்லை, விலக்கிவிடு என்று கெஞ்சுகிறார். பத்துப் பாட்டிலும் வலி தீரவில்லை. கடைசிப் பாட்டிலும் வியர்த்துப் புரண்டுகொண்டுதான் இருக்கிறார். காரணம் சொன்னவர் சுமார் 500 வருஷம் கழித்து வந்த சேக்கிழார். வலியில் கிடந்தவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. கேட்க ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும் கிடைத்தது. அந்த வராந்தாவில் என் வாயில் வந்த பேருக்கும் அவ்வளவுதான் அர்த்தம் என்று அன்றைக்குப் புரிந்தது.

போன தையில் திருவதிகை போயிருந்தேன். பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலத்தங்கரையில் வீரட்டானம். திலகவதியாருக்கும் அங்கே சந்நிதி உண்டு. அப்பா நோயில் போனார், கூடவே அம்மாவும். நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். தானும் சாகத் துணிந்தவர், தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் விட்டுப் போனபோது இங்கே வந்து கோயிலைக் கூட்டி, மெழுகி, பூ தொடுத்துக்கொண்டு இருந்தார். அவருடைய துக்கத்துக்கு எந்த அற்புதமும் நடந்ததாகப் புராணம் சொல்லவில்லை. தம்பிக்கு நடந்ததே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

சந்நிதியில் கொடுத்த திருநீற்றை மறுக்காமல் பூசிக்கொண்டேன். கொஞ்சம் காகிதத்தில் மடித்து அக்காவுக்கும் எடுத்துவந்தேன். “உனக்கு எப்படா இதெல்லாம்?” என்று சிரித்தாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள்.