நற்கருணை

இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி இரவுணவின் நினைவாகக் கிறிஸ்தவர்கள் அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் வழிபாடு. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் இதைத் திருவிருந்து என்றும் இராப்போஜனம் என்றும் சொல்வர்.

இதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்து, கி.பி. 55ஐ ஒட்டித் திருத்தூதர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம். அது ஒரு கண்டனம். வசதி படைத்தவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அது ஆண்டவரின் பந்தியே அல்ல என்றார் பவுல். பந்தியில் யாருக்கு இடம் என்ற கேள்வி அன்று முதல் இவ்வழிபாட்டை விடவில்லை.

கி.பி. 155ஐ ஒட்டி உரோமையில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின் காட்டும் சபை மனத்துக்கு இதமானது. ஞாயிறுதோறும் அப்பமும் தண்ணீர் கலந்த இரசமும் பகிர்வார்கள். வர முடியாதவர்களின் பங்கைத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் போகும்.

இடைக்காலத்தில் பயபக்தி கூடியது, உண்பவர் குறைந்தனர். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று அறிவித்த நான்காம் லாத்தரன் சங்கம் (1215), ஆண்டுக்கு ஒருமுறையாவது நற்கருணை உட்கொள்ளும்படி கட்டளையிட நேர்ந்தது. இரசம் சிந்திவிடுமோ என்ற அச்சத்தில், மேற்கில் கிண்ணம் மெல்ல மெல்லக் குருக்களோடு நின்றுபோனது. பைசாந்திய மரபிலோ கைக்குழந்தைக்கும் கரண்டியால் ஊட்டினார்கள். 1414இல் பிராகா குருக்கள் சிலர் மக்களுக்கும் கிண்ணத்தைக் கொடுக்கத் தொடங்கினர். மறு ஆண்டு கான்ஸ்தன்ஸ் சங்கம் அதைத் தடைசெய்தது. மூன்று வாரத்தில், வேறு குற்றச்சாட்டுகளின் பேரில், பிராகாவின் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ் அங்கே எரிக்கப்பட்டார். அவர் வழிவந்தோர் கிண்ணத்தையே தங்கள் சின்னமாக்கிப் போரிட்டு, 1436இல் உடன்படிக்கையால் அந்த உரிமையைப் பெற்றனர்.

1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில், சீர்திருத்தத் தலைவர்களான லூதரும் ஸ்விங்லியும் நற்கருணை பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். அப்பத்தைத் தம் உடல் என்ற இயேசுவின் சொல்லை லூதர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, அதை விட்டு அசையவில்லை. ஸ்விங்லிக்கு அது அடையாளம். இதில் ஒப்புதல் இல்லாமலே பிரிந்தார்கள்.

தமிழகத்தில் பிளவு சாதியால் வந்தது. சபைக்குள்ளும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை கூடாதென்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே விலகினர். கொரிந்துக்கு எழுதிய கண்டனம் இவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், குறிப்பிட்ட வேளைகளில் பொதுமக்களும் கிண்ணத்தில் பருகலாம் என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒரே பந்தியில் சேர்வதற்கோ இன்றும் பொதுவான அனுமதி இல்லை.