அணுவிசை நுண்ணோக்கியில் நுண்புழை ஒட்டு விசை

அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனை ஈரக்காற்றில் ஒரு பரப்பை நெருங்கும்போது, இடையிலுள்ள இடுக்கில் நீர் தானாகச் சேர்ந்து இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். இந்த இழுப்பே நுண்புழை ஒட்டு விசை. கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவியில், மெல்லிய தகட்டின் நுனியிலுள்ள ஊசி பரப்பைத் தடவிச் செல்கிறது. தகடு வளைவதைக் கொண்டு மேடுபள்ளம் கணிக்கப்படுகிறது. திறந்த அறையில் அந்த வளைவில் பெரும்பங்கு நீரின் வேலையாகவே இருக்கலாம்.

சமதளத்தில் நீர் படியக் காற்று நீராவியால் நிறைந்திருக்க வேண்டும். குறுகிய இடுக்கில் அப்படியல்ல. நீர்ப்பரப்பு உட்குழிந்திருந்தால், நிறைவுநிலைக்கு வெகு முன்பே நீராவி திரவமாகிவிடும். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் இதற்கான அடிப்படையை 1871-இல் வகுத்தார். அறை வெப்பநிலையில், ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் அந்தக் குழிவின் ஆரம் ஏறத்தாழ 0.8 நானோமீட்டர், 90 விழுக்காட்டில் சுமார் 5 நானோமீட்டர். இவ்வளவு கூர்மையாக வளைந்த நீரின் உள்ளழுத்தம், 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில், வெளியழுத்தத்தைவிட ஏறத்தாழ 900 வளிமண்டல அளவு குறைந்துவிடுகிறது. முனையைப் பரப்போடு சேர்த்து இழுப்பது இந்தக் குறைவுதான்.

நீர் நன்றாகப் பரவும் மைக்கா போன்ற பரப்பில், 10 நானோமீட்டர் ஆரமுள்ள முனைக்கு எளிய கணக்கு தரும் விசை சுமார் 9 நானோநியூட்டன். அற்பமாகத் தோன்றும் அளவுதான். ஆனால் மீட்டருக்கு 0.1 நியூட்டன் விறைப்புள்ள தகட்டை அது 90 நானோமீட்டர் வளைத்துவிடும், முனையின் ஆரத்தைப்போல ஒன்பது மடங்கு! அதனால்தான் முனையைப் பின்னிழுக்கும்போது அது உடனே விடுபடுவதில்லை. தகடு வளைந்துகொண்டே போய், நீர்ப்பாலம் அறுந்ததும் சட்டெனத் துள்ளுகிறது. எளிய கணக்கில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை. ஆனால் நிஜ முனைகள் சீரான கோளங்கள் அல்ல என்பதால், ஈரப்பதம் கூடக்கூட ஒட்டு விசை ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்குவதும் உண்டு.

இந்த ஒட்டுதலுக்குக் கிடைத்த மிக அழகான தீர்வு, இன்னும் அதிக நீர். முனையையும் மாதிரியையும் முழுதாக நீரில் மூழ்கடித்தால் வளைந்த நீர்-காற்று எல்லையே இருக்காது. நுண்புழை விசையும் மறையும். வைசன்ஹார்ன், ஹன்ஸ்மா குழுவினர் 1989-இல் இதை அளந்து காட்டினர். மென்மையான உயிரியல் மாதிரிகளைச் சிதைக்காமல் பார்க்க அது வழி திறந்தது. உலர் நைட்ரஜன், நீரை ஒட்டவிடாத பூச்சு, முனையை அதிரவிட்டுத் தட்டித்தட்டிப் பார்க்கும் முறை ஆகியவையும் கைகொடுக்கின்றன.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழுவினர் 1999-இல் இந்த நீர்ப்பாலத்தையே பயன்படுத்திக்கொண்டனர்: முனையில் மையாகப் பூசிய தயால் மூலக்கூறுகள் அதன் வழியே தங்கப் பரப்பில் இறங்க, சுமார் 30 நானோமீட்டர் அகலக் கோடுகள் வரையப்பட்டன. அந்த மூலக்கூறுகள் வறண்ட சூழலிலும் பரப்புக்கு இடம்பெயர்வது பின்னர் தெரியவந்ததால், எழுத்துக்கு நீர் எவ்வளவு தேவை என்பதை ஒவ்வொரு மைக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டியதாயிற்று.