சம்பளம் யார் கொடுத்தது?

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில கன்னங்கராவின் இலவசக் கல்வி பற்றிக் கதைத்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் வழக்கம்போலத் தொடங்கினோம்: எங்கட தாத்தா வேட்டியோடு போய்ப் படித்து எழுதுவினைஞர் ஆனவர், இலவசக் கல்வி இல்லாட்டி நாங்கள் இங்கே இருந்திருக்க மாட்டோம், இப்படி. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த தோழி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க பாட்டிக்கு அந்த வருசம் பத்து வயசு. அவங்களுக்கு யாரும் அதைச் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்த மௌனத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை வருகிறது.

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று இன்றைக்கு நாம் சுலபமாகப் பிரித்துப் பேசுகிறோம். இந்த நாட்டில் அந்தக் கோடு நீண்ட காலமாக அப்படி இருக்கவில்லை. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் வந்து, அடுத்த ஆண்டிலிருந்து உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. கட்டடமும் நிர்வாகமும் மிஷனுடையவை அல்லது சங்கத்துடையவை, காசில் ஒரு பங்கு அரசுடையது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுவார், எழுதச் சொல்லுவார், கணக்குக் கேட்பார். எத்தனை பிள்ளை தேறியதோ அதைப் பார்த்துப் பணம்.

சமயம் பாராமல் பெறுபேற்றுக்குப் பணம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டம் தொடங்கும்போது மிஷன்கள் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தன. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848 இலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். அரசு நன்கொடை கிடைக்க 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியோ காசில்லாமல் சில வருடங்களிலேயே மூடப்பட்டது. பிறகு தூர விதி ஒன்றும் வந்தது. ஏற்கெனவே உதவி பெறும் பள்ளிக்குக் கிட்ட புதுப் பள்ளி திறந்தால் நன்கொடை இல்லை. முதலில் வந்தவனுக்குத்தான் இடம் என்று அர்த்தம். பௌத்தர்களும் சைவர்களும் இதை எதிர்த்துச் சத்தம் போட்டதில் வியப்பில்லை. 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகி, 'இந்து போர்ட்' இராசரத்தினம் ஊர் ஊராகப் பள்ளிகளை எழுப்பியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகக் கதைதான். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது 1929-30 காலத்தில் நடந்தது. அந்நேரம் யாழ்ப்பாணத்துப் பல பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், மற்றவர்கள் வாங்கில் இருந்தார்கள். சில இடங்களில் உள்ளேயே விடவில்லை. கல்வித் திணைக்களம் உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் கட்டாயம் என்று சொன்னது. திணைக்களத்துக்கு அதைச் சொல்லும் பலம் எங்கிருந்து வந்தது? ஒழுக்கப் பிரசங்கத்திலிருந்து வரவில்லை, நன்கொடையிலிருந்து வந்தது. பள்ளி உங்களுடையதாக இருக்கலாம், காசு பொதுக்காசு. எதிர்ப்பும் சாதாரணமாக வரவில்லை. பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள், உத்தரவை எடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. (எங்கட ஊர்ப் பள்ளிகளின் விழா மலர்களில் இந்தப் பக்கம் மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.)

பொதுக்காசு போகிற இடத்தில் கேள்வி கேட்கிற உரிமையும் கூடப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு 1945 க்கு வருவோம்.

கன்னங்கராவின் திட்டம் அந்த ஆண்டு ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. உதவி பெறும் பள்ளி கட்டணம் அறவிடக்கூடாது, ஆசிரியர் சம்பளத்தை அரசு பார்த்துக்கொள்ளும். சேர விரும்பாத பள்ளிகளுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டு, அது 1951 வரை நீண்டது. கல்கிசை சென். தோமஸ் போன்ற சில, உதவி வேண்டாம், கட்டணத்தில் நடத்துகிறோம் என்று வெளியே நின்றன. பெரும்பாலானவை உள்ளே வந்தன. 1960 இல் சிறிமாவோ அரசு அடுத்த படியை எடுத்தது. சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம், நிர்வாகம் ஏன் உங்களிடம் என்பதுதான் வாதம். 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டம், 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டம் இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் போய்க் குந்தியிருந்து போராடினார்கள். இந்து போர்ட் பள்ளிகள் அரசுப் பள்ளிகள் ஆயின. யாழ்ப்பாணக் கல்லூரி, சென். ஜோன்ஸ், சுண்டுக்குளி மகளிர் மாதிரிச் சில, நன்கொடையும் இல்லாமல் கட்டணமும் இல்லாமல் தனியாராகவே நின்றன. 1977 இல் ஆட்சி மாறிய பிறகு அப்படியான பள்ளிகளின் ஆசிரியர் சம்பளம் திரும்பவும் அரசிடமிருந்து வரத் தொடங்கியது. ஆக, பெயர்ப்பலகையில் தனியார், சம்பளப் பட்டியலில் அரசு. இதில் பெரிய தவறு இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தோழியின் பாட்டி எங்கே?

மலையகத்தில் தோட்டப் பள்ளி என்பது தோட்டத் துரையின் பொறுப்பு. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகமே இடமும் ஆசிரியரும் கொடுக்க வேண்டும் என்றது. அரசு சிறு நன்கொடை கொடுத்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர். அந்தப் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்து வெளியே போனால் கொழுந்து பறிக்க யார் வருவது? பள்ளியை நடத்த வேண்டியவருக்கே பள்ளி நன்றாக நடக்காமல் இருப்பதில்தான் இலாபம். மிஷன்காரருக்கு ஆள் சேர்க்கும் நோக்கம் இருந்தது, சைவச் சங்கத்துக்கு ஆளைக் காப்பாற்றும் நோக்கம் இருந்தது. இரண்டுக்கும் பிள்ளை பள்ளிக்கு வந்தாக வேண்டும். துரைக்கு அப்படி ஒன்றுமில்லை.

1945 இன் இலவசக் கல்வி இந்தப் பள்ளிகளைத் தொடவில்லை. பிறகு எடுப்போம் என்று பேச்சு இருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது, கேட்க ஆள் இருந்தது. அடுத்த வருடம் 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்கில்லாதவரின் பள்ளிக்காகப் பாராளுமன்றத்தில் யார் மெனக்கெடுவார்? 1960 இல் நாடே பள்ளிகளைப் பற்றிச் சண்டை பிடித்தபோதும் தோட்டப் பள்ளிகள் அந்தச் சண்டைக்குள் வரவில்லை. தனியார் பள்ளியை அரசு எடுக்கலாமா கூடாதா என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூட்டம் போட்டவர்களுக்கு, எடுக்கச் சொல்லிக் காத்திருந்த நூற்றுக்கணக்கான தனியார் பள்ளிகள் மலையில் இருந்தது கண்ணில் படவில்லை. எங்கட ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே, எழுபதுகளில், பெரும்பாலும் 1977 ஐ ஒட்டி, அந்தப் பள்ளிகள் அரசிடம் வந்தன. 1945 இலிருந்து எண்ணினால் முப்பது வருடத்துக்கு மேல், ஒரு தலைமுறை. எண்பதுகளில் சுவீடனும் ஜேர்மனியும் காசு கொடுத்துக் கட்டடங்கள் எழும்பின.

இன்றைக்குத் தோட்டப் பள்ளியும் அரசுப் பள்ளி, கொழும்பின் பெரிய தேசிய பாடசாலையும் அரசுப் பள்ளி. இரண்டுக்கும் ஒரே இலவசப் பாடநூல். பழைய மாணவர் சங்கம் நீச்சல் தடாகம் கட்டிக்கொடுக்கிற பள்ளிக்கும், பழைய மாணவர்கள் இன்னும் லயத்தில் இருக்கிற பள்ளிக்கும் இடையில் உள்ள தூரம் அரசு, தனியார் என்ற பிரிவுக்குள் அடங்காது.

அன்றைக்குக் கடைசியாகத் தோழி இன்னொன்றும் சொன்னார். சில வருடங்களுக்கு முன் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கென்று ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் ஆட்களை எடுத்தார்களே, அதில் அவருடைய அக்காவும் ஒருவர். ஆசிரியர் இல்லை, உதவியாளர். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு, பிறகு 10,000. வேலை என்னவோ முழு வகுப்பு. அக்கா இரண்டு பஸ் மாறிப் போய், பிறகு மேட்டில் நடந்து ஏறுவாராம். "காலையில அம்மாகிட்ட பஸ்ஸுக்கு காசு வாங்கிட்டுத்தான் போவா" என்றார். அம்மா கொழுந்து பறிக்கிறவர்.