மாமாவோட டிராக்டர்ல அந்த ரெண்டாவது லீவர்

இந்த எபிசோட் ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது. நான் அதுல நடுவர் எல்லாம் இல்ல, வரப்புல நின்னு வேடிக்கை பார்த்தவன்.

இடம் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூரு ஹைவேயில் போனால் வரும் ஊர். ஹைவேயில் போகும்போது ஒரு பெரிய ஏரி தெரியுமே, அதுதான். ஏரிக்குக் கீழே எல்லாம் நெல். தண்ணி ஏறாத மேட்டில் கொல்லை, அங்கே வேர்க்கடலை. என் மாமா அங்கே ஒரு பழைய மாஸி ஃபெர்குசன் 1035 வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு உழுகிறார்.

சித்திரைக் கடைசியில் ஒரு மழை. ஈரம் காய்வதற்குள் ஒரு ஆயாவின் கொல்லையை அஞ்சு கொத்துக் கலப்பையில் ஓட்டி முடித்தார் மாமா. ஆயா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு சால் சாலாகக் குத்திப் பார்த்தார்.

"ஓரத்துல முக்கால் சாண் போயிருக்கு. நடுவுல நாலு விரல்தான். டீசல் மிச்சம் பண்றியாடா?"

"நான் எதையும் தொடல ஆயா. நடுவுல வந்தா வண்டி தானா தூக்கிக்குது."

கேட்டால் நம்புகிற மாதிரியா இருக்கு? எனக்கே சிரிப்பு வந்தது. கோடு எழுதுறவன் "நான் எதையும் மாத்தல, தானா உடைஞ்சிடுச்சு"ன்னு சொல்ற மாதிரி. ஆனா மாமா சொன்னது உண்மை. அந்த வண்டி தானாகத்தான் தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்க வைப்பதற்காக ஒரு மனுஷன் பாதி வாழ்க்கையைச் செலவழித்திருக்கிறார்.

அவர் பேர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் வட அயர்லாந்துப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டிய விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் முதல் ஆள் அவர்தான். முதல் உலகப் போர் நேரம், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. நாட்டில் இருக்கிற டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி 1917-இல் அரசு அவரை அனுப்பியது.

அவர் பார்த்தது இதுதான். அன்றைக்கு டிராக்டர் என்றால் இரும்புக் குதிரை. குதிரைக்குப் பின்னால் கட்டின மாதிரியே கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால்? குதிரை நின்றுவிடும். மாடும் நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. பின் சக்கரம் சுற்ற முடியாதபோது வண்டியின் உடம்பு அச்சைச் சுற்ற ஆரம்பிக்கும். முன்பக்கம் அப்படியே எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் இதற்கே பேர் போனது. நிறைய பேர் செத்திருக்கிறார்கள்.

கனமான வண்டி செய்தால் கவிழாதே என்று மத்தவங்க யோசித்தார்கள். கனமான வண்டி மண்ணை அமுக்கிக் கெட்டிப்படுத்திவிடும். ஃபெர்குசன் யோசித்தது வேற மாதிரி: கலப்பையைக் கட்டி இழுக்காதே, டிராக்டரோடு ஒரே உடம்பாகச் சேர். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. இன்றைக்கு எந்த டிராக்டர் பின்னாடி பார்த்தாலும் இருக்கிற அந்த மூணு புள்ளி இணைப்பு.

இப்போ கொஞ்சம் மெதுவாகக் கேளுங்க, இதுதான் விஷயம். கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது மண் அதைப் பின்னால் தள்ளுகிறது. கலப்பை கீழ்க் கைகளைச் சுற்றிக் குப்புற விழப் பார்க்கும். அதனால் மேல் கை முன்பக்கமாக அழுத்தப்படும். ஒன்று, அந்த அழுத்தமே டிராக்டரின் மூக்கைக் கீழே பிடித்துக்கொள்கிறது. கவிழாது. இரண்டு, அந்த மேல் கை முட்டுகிற இடத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்தார். மண் கெட்டியாக இருந்தால் ஸ்பிரிங் அதிகம் அமுங்கும், அது ஹைட்ராலிக் வால்வை அசைக்கும், கலப்பை கொஞ்சம் மேலே வரும். இழுவை குறைந்ததும் ஸ்பிரிங் விரியும், கலப்பை திரும்ப இறங்கும். தூக்கும்போது கலப்பையின் பாரம் பின் சக்கரத்தின் மேல் ஏறும், சக்கரம் வழுக்காது. சென்சார் கிடையாது, சிப் கிடையாது. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு வால்வும் சேர்ந்து ஒரு முழு ஃபீட்பேக் லூப். இதற்கு 1925-இல் பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார். இதுதான் டிராஃப்ட் கண்ட்ரோல். எவ்வளவு இழுவை வரைக்கும் தாங்கலாம் என்று சொல்வதற்குத்தான் அந்த லீவர்.

என் தாத்தா ஏர் ஓட்டியவர். மேழியில் இருக்கிற கை மண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார். கெட்டி இடம் வந்தால் மாடு திணறும், கை தானாகத் தளரும். அந்தக் கையைத்தான் ஃபெர்குசன் ஸ்பிரிங்கில் வைத்தார்.

அப்புறம் வியாபாரக் கதை. 1938 அக்டோபரில் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டுக்கு டெமோ காட்டினார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை, கை குலுக்கினார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷமே ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. பேரன் ஹென்றி ஃபோர்டு 2 பொறுப்புக்கு வந்ததும், டிராக்டரில் நஷ்டம் என்று கை குலுக்கலை முறித்தார். ஆனால் அதே அமைப்போடு 1947-இல் 8என் என்று சொந்த டிராக்டர் விட்டார். ஃபெர்குசன் வழக்குப் போட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். கேட்டது 25 கோடி டாலருக்கும் மேல்! (ஃப்ரீலான்ஸ் பண்றவங்க கவனிங்க: எழுதி வாங்குங்க.) 1953-இல் அவர் கம்பெனி கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. அந்த மாஸி ஃபெர்குசன் கூட்டோடு 1960-இல் நம்ம சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் ஆரம்பித்ததுதான் டாஃபே. பெரம்பூர் பக்கம் செம்பியம் தெரியுமில்ல, அங்கே இருந்து கிளம்பியவைதான் மாமா வண்டி மாதிரியானவை.

சரி, கொல்லைக்குத் திரும்புவோம். ஃபெர்குசன் லாஜிக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் ஆழத்தை அளக்கவில்லை, இழுவையை அளந்தார். வயல் முழுக்க ஒரே மண் என்றால் இழுவை சமமாக இருக்கும்போது ஆழமும் சமமாக இருக்கும். மண் மாறினால்? எங்கே ஆழமாக உழ வேண்டுமோ, அந்தக் கெட்டி இடத்தில்தான் கலப்பை மேலே வரும். எஞ்சினுக்கு நல்லது, ஆயாவுக்கு நல்லதில்லை. இதைச் சமாளிக்கத்தான் இழுவையைக் கண்டுகொள்ளாமல் சொன்ன உயரத்திலேயே நிறுத்துகிற பொசிஷன் கண்ட்ரோல். ஃபோர்டின் 8என்-இலேயே அது வந்துவிட்டது. மாமா வருஷத்தில் பாதி நாள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். ஏரிப் பாசன நெல் வயலில் கேஜ் வீல் மாட்டி சேடை ஓட்டும்போது டிராஃப்ட் லீவருக்கு வேலையே இல்லை. அதனால் கொல்லைக்கு வரும்போது அதைத் திருத்தி வைப்பதும் இல்லை. போன தடவை எங்கே விட்டாரோ அங்கேயே இருக்கும்.

ஆயாகிட்ட கேட்டேன், நடுவில் முன்னாடி என்ன இருந்தது என்று. "களம். எங்க மாமனார் காலத்துல அங்கதான் போர் அடிப்போம்." மாடு மிதித்து மிதித்து இறுகின மண்.

மாமா ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஏறி, ஒரு கியர் குறைத்து, டிராஃப்ட் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். களத்து இடம் வந்ததும் எஞ்சின் முக்கியது, கறும்புகை வந்தது, சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. லீவரை ஒரு விரல் அளவு மேலே ஏற்றினார். அங்கே பிடித்துக்கொண்டது. அந்த இடத்திலேயே தகட்டில் இருக்கிற திருகை இறுக்கிவிட்டு நடுக்கொல்லையை மட்டும் இன்னொரு தடவை ஓட்டினார். ஆயா குச்சியைக் குத்தினார். அரை சாண்.

"இதுக்கு மேல போகாது ஆயா. அடுத்த மழைக்கு இன்னொரு தடவ ஓட்டிக்கலாம்."

"சரி. இப்ப ஓட்டுன முக்கால் மணி நேரம் யார் கணக்கு?"

நான் கிளம்பும்போதும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.