செங்கற்பட்டின் கிளைச் சாலைகள்: மிதிவண்டிப் பயணமும் திருச்சபை வரலாறும்

திருச்சபை வரலாற்றை நாம் பெரும்பாலும் நூலகத்தில் அமர்ந்தே கற்கிறோம். மிஷனெரிச் சங்கங்கள் தோன்றிய ஆண்டுகளும், திருச்சபைகள் ஒன்றிணைந்த நாள்களும், ஆலயங்களுக்கு மூலைக்கல் நாட்டியவர்களின் பெயர்களும் நம் குறிப்பேடுகளை நிரப்புகின்றன. இவை வேண்டாதவை அல்ல. எனினும் ஒரு வட்டாரத்துத் திருச்சபை எவ்வாறு உருவாயிற்று என்பதை உணர்வதற்கு, அவ்வட்டாரத்தின் பாதைகளையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். யார் எவ்வழியே வந்தார், யாருடைய குடியிருப்புக்குச் செல்லத் திரும்பினார் என்னும் செய்தியில் வரலாற்றின் ஒரு பாதி அடங்கியுள்ளது. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரைவரை உள்ள சாலைகளில் மிதிவண்டியில் செல்வோர்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறை பிற நாட்டார்க்குப் புதிதன்று. பிரான்சு நாட்டில் 1598-இல் நாந்து அரசாணையால் சீர்திருத்தத் திருச்சபையார் பெற்ற உரிமைகளை 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் நீக்கினார். ஹியூகனோத்தர் எனப்பட்ட அம்மக்களுள் பெருந்திரளானோர் சிற்றூர்ப் பாதைகள் வழியே ஜெனீவாவுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் தப்பிச் சென்றனர். அவ்வழி இன்று நெடும்பாதையாகக் குறிக்கப்பட்டுள்ளது. வரலாற்றை அறிய விரும்புவோர் அதில் நடந்து செல்கின்றனர். அந்நாட்டின் ஆற்றோரங்களிலும் பழைய கால்வாய்க் கரைகளிலும் மிதிவண்டிக்கென்றே அமைந்த பாதைகளும் பல உள்ளன. நம் வட்டாரத்தில் அத்தகைய வழிகாட்டிப் பலகைகள் இல்லை. ஆயினும் சொல்லத்தக்க வரலாறு நம் சாலைகளுக்கும் உண்டு.

கோட்டைகளின் வழி

பயணத்தைச் செங்கற்பட்டு நகரில் தொடங்குவோம். விஜயநகர அரசர் காலத்துக் கோட்டையொன்று இங்கே இருந்தது; இன்று அதன் எச்சங்களினூடே இருப்புப்பாதை செல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த இக்கோட்டையை 1752-இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். கோவளம் கோட்டையும் அதே ஆண்டில் அவர் கையில் வீழ்ந்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு இந்நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார்.

நகரைவிட்டுக் கிழக்கே திருக்கழுக்குன்றம் சாலையில் சென்றால், சில கிலோமீட்டரில் வல்லத்துக் குன்று தோன்றும். மகேந்திரவர்மப் பல்லவனின் கீழிருந்த சிற்றரசன் மகன் கந்தசேனன் அங்குக் குடைவித்த கோயில், அவன் பெயரைத் தமிழ்க் கல்வெட்டில் இன்றும் தாங்கி நிற்கிறது. செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் உள்ளது, தேவார மூவரும் பாடிய திருக்கழுக்குன்றம். அக்குன்றின் ஒருகல் மண்டபத்தில் பதினேழாம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்துச் சென்றுள்ளனர்.

அந்த டச்சுக்காரர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதற்கு, மேலும் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள சதுரங்கப்பட்டினமே விடை. நம் பகுதியின் நெசவுத் துணிகளை வாங்கி ஏற்றுமதி செய்யும் பொருட்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே நிலைகொண்டு கோட்டையும் எழுப்பினர். 1754-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இவ்வூரிலேயே கூடினர். 1781-இல் ஆங்கிலேயர் இதனைப் பிடித்தனர். 1782 பிப்ரவரி 17-ஆம் நாள் இக்கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பொருதனர். பலமுறை கைமாறியபின், 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1825-இல் இவ்வூர் முடிவாக ஆங்கிலேயரைச் சேர்ந்தது.

டச்சுக்காரர் நம்மைப்போலவே சீர்திருத்தத் திருச்சபை மரபினர். பழவேற்காட்டில் அவர்களுடைய குருவாயிருந்த ஆபிரகாம் ரொஜேரியுசு நம் நாட்டுச் சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் வெளிவந்தது. ஆனால் சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் இன்று நாம் காண்பவை மதிற்சுவர்களும், பண்டகசாலைகளும், அழகிய வேலைப்பாடமைந்த கல்லறைகளுமே. அக்கல்லறைகளின் முன் நிற்கும்போது ஒரு வினா எழாமல் இராது: கோட்டையிலிருந்து கோட்டைக்குச் சென்ற இவ்வழியில், அத்துணிகளை நெய்தவரும், வயலில் உழைத்தவரும் எங்கே இருந்தனர்?

சேரிக்குச் செல்லும் பாதை

இவ்வினாவுக்கு விடை பெருஞ்சாலையில் இல்லை; அதிலிருந்து பிரிந்து வயல்களினூடே செல்லும் கிளைப் பாதைகளில் உள்ளது. ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனின் பள்ளிப் பணி, சில ஆண்டுகளுக்குள் செங்கற்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் பரவியது. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுற்றபோது ஆண்டர்சன் விடுதலைத் திருச்சபையைச் சார்ந்தார். தொடக்கத்தில் இப்பணி, நகரங்களில் உயர் சாதி மாணவர்க்கு ஆங்கிலக் கல்வி அளிப்பதையே பெரிதும் நாடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே சேரி மக்களின் வாழ்வு மிஷனெரிகளின் முழுக் கவனத்தையும் ஈர்த்தது. இவ்வட்டாரத்தில் ஆடம் ஆண்ட்ரூ என்பாரும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி என்பாரும் இதில் முன்நின்றனர்.

அவர்கள் கண்டது யாது? ஊரின் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுப்போருள் மிராசுதார்க்கே முன்னுரிமை இருந்தது. படியாள்களாய் உழைத்த குடும்பங்கள் வாழ்ந்த குடிசைமனையும் மிராசுதார் வசமே இருந்தது; ஆகவே எதிர்த்து நின்றவன் வீட்டையும் இழந்தான். அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஏற்பு 1843-இல் நீங்கிற்று. நடைமுறையில் கட்டு நீங்கவில்லை. சேரி மக்கள் தங்கள் முறையீடுகளோடு மிஷனெரிகளை நாடினர். மிஷனெரிகள் அரசுக்கு விண்ணப்பங்கள் எழுதினர். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமன்கீர் இம்மக்களின் நிலையை விரிவாக எடுத்துரைத்து 1891-இல் ஓர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010 எண்ணுள்ள அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்த இவ்வாணையே பஞ்சமி நிலத்தின் தோற்றுவாய் எனப்படுகிறது.

இங்கே நாம் இரண்டு எச்சரிக்கைகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, இவ்வெற்றியை மிஷனெரிகளின் வெற்றியாக மட்டும் எழுதுவது பிழை. வீட்டையும் வேலையையும் இழக்கத் துணிந்து முறையிட்டவர்கள் சேரி மக்களே. இரண்டாவது, நிலத்துக்காக வந்தவரின் விசுவாசம் மெய்யானதா என்னும் ஐயம் அந்நாளிலேயே எழுப்பப்பட்டது. இந்நாளிலும் நம் செவியில் விழுகிறது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், நிலத்துக்கான ஏக்கத்தை ஆவிக்குரியதன்று எனத் தள்ளுதல் தகுமா? எகிப்தின் அடிமைகளுக்குக் கடவுள் அளித்த வாக்குறுதியில் நிலமும் அடங்கியிருந்தது அன்றோ?

மிதிவண்டியும் ஆயர் பணியும்

ஸ்காட்லாந்தில் பிறந்து பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். செங்கற்பட்டில் நிலத்துக்கான போராட்டம் சூடுபிடித்த ஆண்டுகளும் இவையே. மேல்நாட்டில் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காயிருந்த மிதிவண்டி, பின்னர் நம் நாட்டில் எளியோரின் ஊர்தியாயிற்று. 1949-இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்யத் தொடங்கிய பின்னர் அது மேலும் பரவியது. அதற்கு முன்பே, 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் அதன் வழியாக 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் ஸ்காட்லாந்து மிஷனின் சபைகள் இணைந்திருந்தன. நாட்டுப்புற ஆயர்களும் உபதேசியார்களும் பல சேரிச் சபைகளைக் கவனிக்க வேண்டியிருந்த அக்காலத்தில், மாட்டுவண்டி நுழையாத வரப்போரப் பாதையிலும் மிதிவண்டி நுழைந்தது. வழியில் சேறு வந்தால் தோளில் தூக்கிக்கொள்ளவும் முடிந்தது.

இவ்வூர்தியின் வரலாற்றில் கசப்பான ஓர் ஏடும் உண்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதிக்கச் சாதியார் தெருவில் மிதிவண்டியில் அமர்ந்து செல்லத் தடை இருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். அம்மக்களிடையே தோன்றிய உபதேசியார் ஒருவர் கையில் திருமறையுடன் தெருவின் முனையில் இறங்க நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். காசா சாலையில் எத்தியோப்பிய அமைச்சரின் தேரில் பிலிப்பு ஏறி அமர்ந்த நிகழ்ச்சியை அத்தகையவர் எவ்வளவு ஆழமாக வாசித்திருப்பார்! நம் விளக்கவுரைகளில் இவ்வாசிப்புக்கு நாம் இன்னும் போதிய இடம் அளிக்கவில்லை.

இன்று இச்சாலையில்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 14 கி.மீ. சென்றால் மாமல்லபுரம். இவ்வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலை விரைவூர்திகள் மிகுந்தது. மிதிவண்டியினர் விடியற்காலையில் சென்று முடித்துவிடுதல் நலம். அருகே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது பட்டினியால் வாடியவர்கள் கூலிக்கு வெட்டிய பகுதிகள் அதில் உண்டு. பெயர் மட்டும் அந்நாளைய ஆளுநருக்குரியது. மாமல்லபுரத்தில் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட பல்லவர் சிற்பங்களுள், கிருஷ்ண மண்டபத்தில் ஆயன் ஒருவன் பால் கறக்கும் காட்சியை நம் மாணவர்கள் தவறாது காண வேண்டும். அரசர்க்காக உளியெடுத்த சிற்பியும் உழைப்பாளியை மறக்கவில்லை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியே செங்கற்பட்டுக்குத் திரும்பினால், மொத்தம் ஏறத்தாழ 70 கி.மீ.; இரண்டு நாளில் நிதானமாக முடிக்கலாம்.

இச்சாலைகளின் இருபுறமும் இன்று மனைப் பிரிவுகளின் எல்லைக்கற்களும் விளம்பரப் பலகைகளும் நிற்கின்றன. பஞ்சமி நிலத்தை ஒடுக்கப்பட்ட மக்களல்லாதார்க்கு விற்றல் கூடாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தும், நிலம் பல இடங்களில் கைமாறிவிட்டது. செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணை ஊரில் அத்தகைய நிலத்தை மீட்க மக்கள் எழுந்தனர். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் அப்போராட்டத்தில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர்நீத்தனர். ஒருவர் கிறிஸ்தவப் பெயருடையவர், மற்றவர் இந்துப் பெயருடையவர்; இருவரும் வீழ்ந்தது ஒரே நிலத்துக்காக. 1892-ஆம் ஆண்டு அரசாணையைத் திருச்சபையின் சாதனையாக மேடையில் எடுத்துரைக்கும் நாம், 1994-ஆம் ஆண்டை நம் வரலாற்றுப் பாடத்தில் சேர்த்துள்ளோமா?

நாம் ஆயர் பணியில் புகுந்த நாள்களில் மிதிவண்டியிலேயே சபைகளுக்குச் சென்றோம். பின்னர் விசை ஊர்தி வந்தது, நேரம் மிச்சமாயிற்று. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு, அங்குத் தார்ச்சாலை எந்த இடத்தில் முடிந்து மண்பாதை தொடங்குகிறது, சுடுகாட்டுக்கு வழி உண்டா, ஏரிநீர் யார் வயலுக்கு முதலில் பாய்கிறது என்பவை நம் கண்ணிலிருந்து மெல்ல மறைந்தன. மிதிவண்டியில் செல்பவன் வழியில் தண்ணீர் கேட்க வேண்டியவன். ஆகையால் நின்று பேச வேண்டியவன். கேட்டு அறிதல் அவனுக்கு எளிதாகிறது.

ஆகவே இறையியல் மாணவர்களுக்கும் உடன் ஊழியர்களுக்கும் நாம் பரிந்துரைப்பது இதுவே. மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலையில் நால்வர் ஐவராக இவ்வழியே புறப்படுங்கள். கோட்டைகளையும் குடைவரைகளையும் கண்டு மகிழுங்கள். பின்னர்ப் பெருஞ்சாலையை விட்டு, ஒரு சேரிச் சபைக்குச் செல்லும் பாதையில் திரும்புங்கள். அங்குள்ள மூத்தோரிடம், இந்நிலம் யாருடையதாயிருந்தது, இன்று யாருடையது என்று கேளுங்கள். அவர்கள் கூறுவதைக் குறித்துக்கொண்டு வந்து, நூலகத்திலுள்ள ஏடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் நீங்கள் எழுதும் திருச்சபை வரலாறு, அம்மக்களிடமே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டத்தக்கதாய் அமையும்.